அபின் குத்தகையும் நரம்பின் வாயிலும்

சிராங்கூன் சாலையிலுள்ள நம்மவர் மளிகைக் கடைகளில் மிளகும் சீரகமும் சோம்பும் மல்லியும் வேண்டுமட்டும் கிடைக்கும். குருமாவுக்குச் சேர்க்கும் கசகசா ஒன்றை மட்டும் ஊரிலிருந்து நினைத்தபடி மூட்டையில் வைத்துக் கொண்டு வந்துவிட முடியாது. கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலே அபின். விதையில் அப்பாலின் சுவடு ஒட்டியிருக்கக் கூடுமாதலால் சிங்கப்பூரின் மத்திய போதைப்பொருள் ஒடுக்குப் பிரிவு அதனைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. ஒரு கைப்பிடி விதையையும் ஐயத்தோடு பார்க்கும் இந்நகரத்தின் கஜானா ஒரு காலத்தில் அபினைக் கொண்டே நிரம்பிற்று என்பதை இன்று அச்சாலையில் நடப்பவருள் எத்தனை பேர் எண்ணிப் பார்ப்பர்?

அபின் வரும்படியின் வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். நாம் இங்கு ஆராயப் புகுவது அதனோடு ஒட்டிய வேறொரு வரலாறு. அபின் புகைத்த கூலியைப் பற்றி அக்காலத்துப் பெரிய மனிதர்கள் பேசியபொழுதெல்லாம் அவன் மனவுறுதி அற்றவன், சுகத்துக்கு அடிமைப்பட்டவன், ஒழுக்கத்தில் தளர்ந்தவன் என்றே பேசினர். அவனை இகழ்ந்தோரும் அவ்வாறே கூறினர். அவன்மீது இரங்கினோரிலும் பலர் அவ்வாறே கூறினர். அவன் உடலுக்குள் உண்மையாகவே என்ன நிகழ்ந்தது என்று கேட்டு விடை கூறத்தக்க அறிவு அன்று உலகில் எவரிடத்தும் இல்லை. அவ்விடை வந்தபொழுது சிங்கப்பூரின் அபின் கடைகள் மூடப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு அருகில் ஆகிவிட்டன. விடை நரம்பணுவின் சுவரில், கால்சியம் நுழையும் ஒரு நுண்ணிய வாயிலில் இருந்தது.

முதலில் ஊரின் கதையைப் பார்ப்போம். ராபிள்ஸ் 1819-ல் சிங்கப்பூரில் கம்பெனியின் கொடியை நாட்டினார். வந்து போகும் சரக்குகளுக்குத் தீர்வை இல்லாத துறைமுகம் என்பதே இவ்வூரின் சிறப்பு. தீர்வை இல்லையென்றால் போலீசுக்கும் சாலைக்கும் உத்தியோகஸ்தர் சம்பளத்துக்கும் பணம் எங்கிருந்து வரும்? முதல் ரெசிடென்டாயிருந்த பார்க்குவார் 1820-ல் அதற்கு வழி கண்டார். அபின், சாராயம், சூது ஆகியவற்றை நடத்தும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார். ராபிள்ஸ் இதனை விரும்பவில்லை. சூதாட்டக் குத்தகை 1829-ல் ஒழிந்தது. அபின் குத்தகையோ 1909 முடியும்வரை நிலைத்து நின்றது. இடையில் பல ஆண்டுகளில் அரசாங்க வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அதிலிருந்தே வந்தது. வணிகரிடம் கேட்கத் துணியாத வரியை வண்டியிழுப்பவனிடம் வாங்கினார்கள் என்று சொன்னால் அது மிகையன்று.

குத்தகையின் ஏற்பாடு எளிது. அதிகத் தொகை கேட்டவர்க்குக் கச்சா அபினைக் காய்ச்சிச் 'சண்டு' ஆக்கி விற்கும் ஏகபோக உரிமை கிடைக்கும். அவர் சர்க்காருக்குத் தவணை தவறாமல் பணம் கட்ட வேண்டும். கள்ளத்தனமாக விற்போரைப் பிடிக்கத் தமக்கெனத் தனிக் காவலாட்களையும் அவர் வைத்துக் கொள்ளலாம். தீவின் உட்பகுதியில் காம்பிர், மிளகுத் தோட்டங்களில் உழைத்த சீனக் கூலிகளுக்கு அரிசியும் சண்டும் ஒரே கையிலிருந்து கடனாக வந்தன. கடன் தீராது, கூலி தோட்டத்தை விட்டுப் போகவும் மாட்டான். சண்டுவைத் தாஹில், சீ, ஹூன் என்று நிறுப்பார்கள். ஒரு தாஹிலில் நூறு ஹூன். அன்றாடங்காய்ச்சி வாங்குவது சில ஹூன்களே. அதற்கும் வழியற்றவன் பிறர் புகைத்த குழலின் அடியில் தங்கிய கசடை வாங்கிப் புகைத்தான்.

இது சீனர் கதைதானே, நமக்கென்ன என்று வாசகர் எண்ண வேண்டா. அந்த அபின் விளைந்தது நம் நாட்டில். பீகாரிலும் காசி வட்டாரத்திலும் முன்பணம் வாங்கிய குடியானவர்கள் கம்பெனிக்கென்றே அதைப் பயிரிட்டனர். பாட்னாவிலும் காஜிப்பூரிலும் இருந்த தொழிற்சாலைகளில் அது உருண்டையாக்கப்பட்டது. பெட்டிக்கு நாற்பது உருண்டையாக அடுக்கிக் கல்கத்தாவில் ஏலமிட்டனர். அங்கிருந்து கப்பலேறிய பெட்டிகள் சிங்கப்பூர் வழியாகவே கீழ்த்திசை சென்றன. சில இங்கேயே இறங்கின. கள்ளுக்கும் பாங்குக்கும் இவ்வூரில் தனிக் குத்தகைகள் இருந்தன. அவை எவர் பையைக் குறிவைத்தன என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

கூலி ஏன் புகைத்தான்? இன்பத்துக்காக என்பது பாதி விடை. 1880 முதல் இவ்வூர்த் தெருக்களில் ரிக்ஷா ஓடியது. வெயிலிலும் மழையிலும் ஆளை வைத்து இழுத்து ஓடியவனுடைய முழங்காலும் இடுப்பும் இரவில் என்ன பாடுபடும் என்பதை ஓடாதவர் அறியார். காசமும் இருமலும் சீதபேதியும் அவன் வாழ்ந்த நெரிசலான அறைகளில் உடன் வாழ்ந்தன. ஒரு சிட்டிகைச் சண்டு வலியை அடக்கியது, இருமலை நிறுத்தியது, வயிற்றுப்போக்கைக் கட்டியது. இம்மூன்றையும் ஒருங்கே செய்யும் மருந்து வேறொன்று அவன் கைக்கு எட்டும் விலையில் அன்று இல்லை. வலியின்றி உழைக்கப் புகைத்தான், புகைக்கக் காசு வேண்டி மேலும் உழைத்தான், மேலும் வலித்தது. இறுதியில் அவனைப் போன்றோர் போய்ச் சேர்ந்த இடங்களுள் ஒன்று டான் டோக் செங்கின் கொடையால் 1844-ல் கால்கொண்ட ஏழையர் மருத்துவமனை. அது 1860-ஐ ஒட்டிச் சிராங்கூன் சாலைப் பக்கம் வந்தது. 1909-ல் மௌல்மீன் சாலைக்கு மாறியது. இவ்விடத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர் வேண்டியிருக்கும்.

இவ்வூர் வைத்தியர் ராபர்ட் லிட்டில் 1848-லேயே அபின் பழக்கத்தைப் பற்றி விரிவாக எழுதி வெளியிட்டார். கடைகளுக்குள் நேரே சென்று பார்த்து எழுதியவர் அவர். சர்க்கார் அதனைப் படித்திருக்கும்; குத்தகை ஏலம் வழக்கம்போல் நடந்தது. உண்மையான எதிர்ப்பு எழுந்தது 1906-ல். சீனருள்ளே சீர்திருத்தக் கருத்துடைய மருத்துவர்களான லிம் பூன் கெங்கும் யின் சுவாட் சுவானும் முன்னின்று அபின் எதிர்ப்புச் சங்கத்தை நடத்தினர். பழக்கத்தை விட விரும்புவோர்க்குப் புகலிடம் ஒன்றும் ஏற்பட்டது. பணக்காரச் சீனர் பலர் குத்தகையில் பங்குடையவராயிருந்த காலத்தில் சொந்தச் சமூகத்தின் செல்வர்களைப் பகைத்துக்கொண்டு இதனைச் செய்தனர் என்பதே அவர்களுடைய பெருமை.

அவ்வாண்டுகளில் மலாய் நாடெங்கும் ஒரு விந்தை நடந்தது. காட்டில் படரும் ஒரு கொடியின் இலையைக் காய்ச்சிக் குடித்தால் அபின் பழக்கம் நீங்கும் என்ற செய்தி பரவி, மக்கள் கூட்டங்கூட்டமாகப் போய் அக்கஷாயத்தை வாங்கினர். அதனைக் கொடுத்த முறை கவனிக்கத் தக்கது. இரண்டு புட்டிகளில் கஷாயத்தை நிரப்புவர். ஒன்றில் மட்டும் நோயாளியின் வழக்க அளவுக்கேற்ப அபின் கரியைக் கலப்பர். அபின் கலந்த புட்டியிலிருந்து ஒரு வேளைக்கு உரியதை எடுத்துக் குடித்தவுடன், குறைந்த அளவை வெறுங்கஷாயத்தால் நிரப்புவர். நாளுக்கு நாள் அபின் தேய்ந்து கொண்டே போகும். பின்னர் அவ்விலையைப் பரிசோதித்த இரசாயன நிபுணர்கள் அதில் தனிச்சிறப்பான மருந்துச் சரக்கு எதையும் காணவில்லை. பயன் தந்தது இலையன்று, புட்டிகளின் கணக்கே என்று நாம் கருதுகிறோம். அதற்குக் காரணம் நரம்பின் பகுதிக்கு வரும்போது விளங்கும்.

சர்க்கார் 1907-ல் ஒரு விசாரணைக் கமிஷனை நியமித்தது. மிதமாகப் புகைப்பதால் பெருந்தீங்கு இல்லை, அடியோடு தடுப்பது கூடாது, குத்தகையை நீக்கிச் சர்க்காரே விற்கலாம் என்று கமிஷன் கூறியது. 1910 முதல் சர்க்காரே சண்டு வியாபாரி ஆயிற்று. பாசிர் பாஞ்சாங் மேட்டின் அடியில் சண்டு தொழிற்சாலை இருந்தமையால் அம்மேட்டுக்குச் சண்டு மேடு, அதாவது 'புக்கிட் சண்டு', என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1942 பிப்ரவரி 14-ஆம் நாள் லெப்டினன்ட் அட்னான் சாய்டியும் மலாய்ப் படையினரும் ஜப்பானியரை எதிர்த்து மடிந்த இடமும் அதுவே. வீரம் விளைந்த மண்ணுக்கு இப்பெயரைக் கொடுத்தது சர்க்காரின் வியாபாரந்தான்.

உலக நாடுகளின் நெருக்குதல் மிகவே, அபின் வருமானம் ஒரு நாள் நின்றுபோனால் என் செய்வது என்ற கவலையில் 1925-ல் அதற்கு ஈடாக ஒரு நிதி தொடங்கப்பட்டது. 1905-ல் தொடங்கிய இவ்வூர் மருத்துவப் பள்ளியில் பயின்று 1910-ல் தேறிய முதல் அணியினருள் ஒருவரான சென் சு லான் 1933-ல் அபின் எதிர்ப்பு மருத்துவமனை ஒன்றை நடத்த முற்பட்டார். ஜப்பானியர் ஆட்சியிலும் அபின் விற்பனை நிற்கவில்லை. ஊரை மீட்டபின் அபினை அடியோடு ஒழிப்பதாக 1943-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது. அவ்வாறே 1946-ல் தடை வந்தது. பழகிப்போன கிழவர்கள் மறைவாகப் புகைத்தனர். பிடிபட்டோருக்கென 1955-ல் செயின்ட் ஜான்ஸ் தீவில் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. ஒரு தலைமுறைக்கு முன் சர்க்கார் முத்திரையிட்டு விற்ற பொருளை வாங்கிப் பழகியவனே இப்பொழுது குற்றவாளி.

இனி உடலுக்குள் செல்வோம். கசகசாப் பாலின் சாரமான மார்பின் மனித மூளையில் வேலை செய்ய வேண்டுமானால், அதனைப் பற்றிக்கொள்ள மூளையில் ஏதோ ஒரு பூட்டு இருத்தல் வேண்டும். அப்பூட்டு இருப்பதை 1973-ல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும், எரிக் சைமனும், சுவீடனில் லார்ஸ் டெரினியஸும் தனித்தனியே காட்டினர். உடனே அடுத்த கேள்வி பிறந்தது. மனித மூளை ஏன் ஒரு செடியின் பாலுக்கென்று பூட்டு வைத்திருக்க வேண்டும்? வேறெதற்காகவோ வைத்த பூட்டில் அபின் கள்ளச்சாவியாக நுழைகிறது. மெய்யான சாவியை உடலே செய்துகொள்கிறது என்பதே அறிவுக்குப் பொருந்தும் விடை.

அச்சாவியைக் கண்டவர்கள் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து ஜான் ஹ்யூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் ஆவர். காஸ்டர்லிட்ஸ் ஹிட்லரின் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வந்தவர். எழுபது வயது கடந்தபின் இந்த ஆராய்ச்சியை நடத்தினார். அவர் கையாண்ட கருவி விலையுயர்ந்த யந்திரம் எதுவுமன்று. கினிப் பன்றியின் குடல் துண்டு ஒன்றைக் கண்ணாடிப் பாத்திரத்தில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் அது துடிக்கும்; மார்பின் சேர்த்தால் துடிப்பு அடங்கும். இறைச்சிக்கூடத்திலிருந்து பெற்ற பன்றி மூளைகளின் சாற்றில் அதே வேலையைச் செய்யும் பொருளைத் தேடினர். 1975-ல் இரண்டு பொருள்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றும் ஐந்து அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சரம். தலைக்குள் இருப்பது என்ற பொருளில் அவற்றுக்கு என்கெபலின் என்று பெயரிட்டனர். சிங்கப்பூர்க் கூலியின் சீதபேதியை அபின் கட்டியதும், அபர்டீனில் அக்குடல் துண்டு அடங்கியதும் ஒரே நிகழ்ச்சி. கூலிக்கு அனுபவத்தால் தெரிந்ததை அறிஞருக்குப் பாத்திரம் காட்டிற்று.

அடுத்த ஆண்டு கலிபோர்னியாவில் சோ ஹாவ் லீ, ஒட்டகத்தின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து 31 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா எண்டார்பினைப் பிரித்தெடுத்தார். அவர் பிறந்த ஊர் சீனாவின் காண்டன். அபின் பெட்டிகளுக்காகவே பிரிட்டிஷ் பீரங்கிகள் முழங்கிய துறைமுகம் அது. இவ்வகைச் சிறு சரங்களை நரம்புப் பெப்டைடுகள் என்பர். நரம்பணுக்கள் தமக்குள் செய்தி அனுப்பவும், பிற செய்திகளைக் கூட்டவும் குறைக்கவும் இவற்றைப் பயன்படுத்துகின்றன.

பூட்டும் சாவியும் கிடைத்தன. பூட்டுத் திறந்தால் என்ன நடக்கிறது? இவ்விடத்திற்றான் கால்சியம் வருகிறது. எலும்பிலும் சுண்ணாம்பிலும் உள்ள அதே கால்சியம். நரம்பணுவுக்கு வெளியே அது உள்ளிருப்பதைவிட ஏறக்குறையப் பத்தாயிரம் மடங்கு மிகுதி. நிரம்பிய ஏரியின் மதகைப்போல, அணுவின் சுவரிலுள்ள வாயில்கள் மூடியிருக்கின்றன. மின்னலை ஒன்று நரம்பின் நுனிக்கு வந்ததும் அவ்வாயில்கள் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே திறக்கின்றன. கால்சியம் உட்பாய்கிறது. நுனியில் காத்திருக்கும் நுண்ணிய பைகள் வெடித்து, தம்முள் உள்ள இரசாயனத்தை அடுத்த நரம்பின்மேல் சொரிகின்றன. கால்சியம் இன்றேல் செய்தி இல்லை என்பதை பெர்னார்ட் காட்ஸும் அவருடைய தோழர்களும் 1960-களில் ஐயமற நிறுவினர். இதில் ஒரு கணக்கு உண்டு. தவளையின் நரம்பு தசையைத் தொடும் இடத்தில் செய்த சோதனைகளின்படி, வெளிப்படும் இரசாயனத்தின் அளவு கால்சியத்தின் ஏறத்தாழ நான்காம் படியைத் தொடர்கிறது. கால்சியத்தைப் பாதியாக்கினால் செய்தி பாதியாகாது, பதினாறில் ஒன்றாகும். மதகைச் சிறிது இறக்கினாலே வயல் காய்ந்து விடும் என்று கொள்ளலாம்.

மதகை இறக்கும் கை எது என்பதைக் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள். முட்டைக்குள் வளரும் கோழிக்குஞ்சின் உணர்வு நரம்பணுக்களைப் பாத்திரத்தில் வளர்த்து, சில நரம்பு இரசாயனங்கள் கால்சிய வரவைக் குறைப்பதைக் கேத்லீன் டன்லப்பும் ஜெரால்டு பிஷ்பாக்கும் 1978-ல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு ஆன் மட்ஜ், சூசன் லீமன், பிஷ்பாக் மூவரும் அதே வகை அணுக்களில் என்கெபலினை இட்டுப் பார்த்தனர். வலிச் செய்தியைச் சுமக்கும் 'பொருள் பி' என்னும் பெப்டைடு வெளிவருவது குறைந்தது. கால்சியம் நுழையும் மின்துடிப்பும் குறுகியது. ஒரு பெப்டைடின் வாயை மற்றொரு பெப்டைடு அடைக்கிறது. கூலியின் முழங்காலிலிருந்து புறப்பட்ட செய்தி முதுகுத் தண்டின் முதற் சாவடியிலேயே நின்றுபோகும் வழி இவ்வாறு புலனாயிற்று.

சாவி பூட்டில் விழுந்ததும் வாயில் எவ்வாறு அடைபடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. நரம்பணுக்களில் கால்சிய வாயில்கள் பலவகை. அவற்றுள் 'என்' வகை என்று 1985-ல் பிரித்தறியப்பட்டதே நரம்பு நுனிகளில் இவ்வேலைக்கு முக்கியமானது. பூட்டுக்கும் வாயிலுக்கும் நடுவே 'ஜி' புரதம் என்றொரு தூதன் உண்டு. கக்குவான் இருமல் கிருமியின் நஞ்சு இத்தூதனை முடக்கும். அந்நஞ்சை இட்டபின் நரம்பு இரசாயனங்கள் கால்சிய வரவைக் குறைக்கும் வேலை நடப்பதில்லை என்பது 1986-ல் தெரிந்தது. தூதன் இரண்டாகப் பிரிந்து, அதன் ஒரு பகுதி நேரே சென்று வாயிலின்மேல் ஒட்டிக்கொள்கிறது என்பது 1996-ல் உறுதியாயிற்று. இடையில் 1989-ல் புரூஸ் பீன் மிக அழகிய செய்தி ஒன்றைக் கூறினார். இவ்வாறு கட்டுண்ட வாயில் பூட்டப்பட்டு விடுவதில்லை, திறக்கத் தயங்குகிறது. வலிய மின்துடிப்பு வந்து தள்ளினால் தயக்கம் நீங்கித் திறந்து விடும். ஆகவே, உடல் தனக்கு அமைத்துக்கொண்டது தடையை அன்று, அளவை. சிறு முணுமுணுப்பை அடக்கி, உயிருக்கு ஆபத்தான கூக்குரலை உள்ளே விடும் ஏற்பாடு அது. நியூரோபெப்டைடு ஒய், சொமட்டோஸ்டாட்டின் முதலிய வேறு பெப்டைடுகளும் இதே வழியில் இவ்வாயிலைத் தயங்கச் செய்கின்றன.

அபினின் வேலை முழுவதும் இவ்வொரு வாயிலோடு முடிந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. அதே பூட்டு பொட்டாசிய வாயில்களைத் திறந்து நரம்பை அடக்குவதும் உண்டு. இன்ப மயக்கம் பிறப்பது மூளையின் வேறொரு பகுதியில். ஆயினும் வலியையும் வயிற்றையும் பொறுத்தமட்டில் கதையின் நடு இதுவே.

மெய்ச்சாவிக்கும் கள்ளச்சாவிக்கும் உள்ள வேற்றுமை இனி வெளிப்படும். என்கெபலினைச் சுற்றியுள்ள என்சைம்கள் கணப்பொழுதில் துண்டித்து விடுகின்றன. வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில், வேண்டிய நேரம் மட்டும் அது இருக்கும். மார்பினோ உடலெங்கும் பரவி, எல்லாப் பூட்டுகளிலும் நுழைந்து, மணிக்கணக்கில் எடுபடாமல் கிடக்கும். நாள்தோறும் இவ்வாறு நடந்தால் அணு சும்மா இராது. அடங்கிக் கிடக்கும் தன் உள் யந்திரத்தை முடுக்கிவிட்டு அடக்குமுறைக்கு ஈடுகட்டும். இதனையும் 1975-லேயே சர்மா, கிளீ, நிரன்பர்க் என்போர் பாத்திரத்தில் வளர்த்த அணுக்களில் கண்டனர். பாத்திரத்து அணுவுக்கு ஒழுக்கமும் இல்லை, ஒழுக்கக்கேடும் இல்லை. மனவுறுதியும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. ஆயினும் அது அபினுக்குப் பழகியது. அபினை நிறுத்தியதும் அதன் உள் யந்திரம் அளவுமீறி ஓடிற்று!

சண்டு கிடைக்காத கூலிக்கு நேர்ந்ததும் அதுவே. கட்டியிருந்த வயிறு பேதியாகும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். மயிர்க்கூச்செறியும். எலும்பெல்லாம் நோகும். அபின் அடக்கிவைத்த ஒவ்வொன்றும் வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும். இரண்டு புட்டிக் கஷாயத்தின் சூட்சுமம் இப்பொழுது விளங்கும்: நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் குறைத்தமையால், முடுக்கப்பட்ட யந்திரம் தணிவதற்கு அவகாசம் கிடைத்தது. 'மிதமாகப் புகைத்தால் தீங்கில்லை' என்று எழுதிய கமிஷனார், மிதம் என்பது அணுவின் கையில் நாளுக்கு நாள் உயரும் ஓர் அளவு என்பதை அறியவில்லை. வாடிக்கைக்காரன் விட்டுப் போகமாட்டான் என்பதைக் குத்தகைதாரரும் சர்க்காரும் மட்டும் நன்றாக அறிந்திருந்தனர். அந்நம்பிக்கையின் மேல்தான் ஆண்டு வரவு செலவுத் திட்டமே நின்றது. அறிவியல் விடை வந்துகொண்டிருந்த அதே 1970-களில் சிங்கப்பூரை ஹெராயின் சூழ்ந்தது. 1973-ல் கடுமையான சட்டமும் 1977-ல் பெருந்தேடுதல் வேட்டையும் வந்தன. பிடிபட்ட இளைஞர்களை மறுவாழ்வு நிலையங்களில் மாற்று மருந்தின் துணையின்றியே பழக்கத்தை விடச் செய்தனர். உறுதியைச் சோதிப்பதே சிகிச்சை என்ற பழைய எண்ணம் அவ்வளவு எளிதில் போகவில்லை.

வாயிலை நேரே பிடித்தால், பூட்டையும் கள்ளச்சாவியையும் விட்டுவிடலாமே என்ற எண்ணம் பிலிப்பைன்ஸ் நாட்டினரான பால்டோமெரோ ஒலிவேராவின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. கீழைக் கடல்களில் மீனைக் குத்தி உண்ணும் கூம்பு நத்தை ஒன்றின் நஞ்சில், 25 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு 'என்' வகை வாயிலை அடைப்பதை அவருடைய குழுவினர் கண்டனர். அதன் வழிவந்த சிகோனோடைடு என்னும் மருந்துக்கு 2004-ல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. மார்பினுக்கும் அடங்காத வலியை அது அடக்குகிறது. உடல் அதற்குப் பழகிப் போவதில்லை. நிறுத்தினால் பேதியும் நடுக்கமும் இல்லை. ஆயினும் அது முதுகுத் தண்டின் நீருக்குள்ளேயே குழாய் வழியாகச் செலுத்தப்பட வேண்டியது. அளவு சற்று மீறினாலும் தலைசுற்றலும் சித்தக் குழப்பமும் உண்டாகும். வலி நரம்பின் வாயிலும், நினைவுக்கும் நடைக்கும் வேண்டிய நரம்புகளின் வாயிலும் அதற்கு ஒன்றே.

அவை முற்றிலும் ஒன்றல்ல என்பதே பிற்கால ஆராய்ச்சியின் போக்கு. ஒரே மரபணுவின் எழுத்துக்களைச் சிறிது மாற்றிக் கோத்து, ஒரே வாயிலை உடல் பல வடிவங்களில் செய்துகொள்கிறது. அமெரிக்காவில் டையன் லிப்ஸ்கோமின் குழுவினர் வலி நரம்பணுக்களில் மட்டும் மிகுதியாகக் காணப்படும் 'என்' வாயில் வடிவம் ஒன்றை 2004-ல் எலிகளில் கண்டனர். அவ்வடிவமே அபின் வகைப் பொருள்களுக்கு மிகுதியாகக் கட்டுப்படுகிறது என்பதையும் பின்னர்க் காட்டினர்.

கால்சிய வாயில்களின் பல வடிவங்களைத் தொகுத்தாராயும் இத்துறையில் சிங்கப்பூருக்கும் ஓர் இடம் உண்டு. இவ்வூர் விஞ்ஞானி சூங் டக் வா 1993-ல் கனடாவில் டெர்ரி ஸ்னட்சின் குழுவில் இருந்தபொழுது மூளையின் கால்சிய வாயில் ஒன்றன் அமைப்பை வெளியிட்டவர்களுள் முதற்பெயர் அவருடையது. பின்னர் அவர் பணிபுரிந்த தேசிய நரம்பியல் கழகம் 1999-ல் ஏற்பட்டது. அது இருக்கும் இடம் நாம் முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன டான் டோக் செங் மருத்துவமனையின் வளாகம். அங்கிருந்து சிராங்கூன் சாலை நடை தூரமே. அதன்பின் அவர் சேர்ந்த தேசியப் பல்கலைக்கழகம் கென்ட் ரிட்ஜ் மேட்டில் இருக்கிறது. சண்டு மேடு அதே தொடரின் ஒரு முனை. அவருடைய குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வு, மூளையிலும் தண்டுவடத்திலும் மட்டும் ஒருவகைக் கால்சிய வாயிலின் செய்தி எழுத்துக்கள் அச்சேறியபின்னும் திருத்தப்படுகின்றன என்பதையும், அத்திருத்தத்தால் உட்புகுந்த கால்சியத்தைக் கண்டு வாயில் மூடிக்கொள்ளும் வேகம் தளர்கிறது என்பதையும் காட்டிற்று. இதயத்திலுள்ள அதே வாயிலில் இத்திருத்தம் காணப்படவில்லை.